தெய்வத்தைத் தாலாட்டும் குழந்தை

டிசம்பர் பிறந்துவிட்டால் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் ஓய்வுநாள் பள்ளிகளில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும். பெத்லகேம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மீட்பர், மகிமை, கன்னி என்ற சொற்களுக்குப் பொருள் கேட்டால் விழிப்பார்கள். இருந்தும் மெட்டைப் பிடித்துக்கொண்டு, வரிகளைப் பாதி விழுங்கி, பாதி உளறிப் பாடி முடித்துவிடுவார்கள். பெற்றோர் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். சபையார் சிரித்துக் கைதட்டுவார்கள். இந்தப் பாட்டுக்குச் சமயப் பொருள் ஏதேனும் உண்டா, இல்லை, வண்ணத் தாள் நட்சத்திரத்தைப் போலப் பண்டிகைக்கு ஓர் அலங்காரமா? பொருள் தெரியாமல் பாடியது வழிபாடாகுமா? கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் விசுவாசம் என்பது அறிந்து ஒப்புக்கொள்ளும் கூற்றுகளா, ஒருவரோடு கொள்ளும் உறவா என்று திருச்சபையில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கின் ஒரு கிளைதான் இது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் பாட்டின் சொற்கள் விளங்குவதில்லை. அந்தப் பாட்டு தன்னை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பது விளங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் பாட்டுகளில் கணிசமானவை தாலாட்டுகள். தாலாட்டில் பாடுகிறவர் பெரியவர், கேட்கிறவர் சிறியவர். மூன்று வயதுப் பிள்ளை கடவுளைவிடப் பெரியவராக நின்று பாடும் சந்தர்ப்பம் திருச்சபை ஆண்டில் வேறு எதுவும் இல்லை. கடவுள் தம்மைச் சிறியவராக்கிக்கொண்டார் என்பதுதான் கிறிஸ்துமஸின் கோட்பாடு என்றால், அந்தப் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது.

முதலில், குழந்தையின் காதுக்கு எது போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம். கருவிலிருக்கும் சிசு ஏறத்தாழ 25ஆம் வாரத்தில் ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. தாயின் வயிற்றையும் பனிக்குட நீரையும் தாண்டி உள்ளே போகும்போது சொற்களின் கூர்மை மழுங்கிவிடுகிறது; குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும் அதிகம் சேதமில்லாமல் போய்ச் சேர்கின்றன. மனிதருக்குச் சொல் வருமுன்பே மெட்டு வந்துவிடுகிறது. 1986இல் அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் செய்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய் உரக்கப் படித்த கதையையே பிறந்த குழந்தைகள் மற்றொரு கதையைவிட விரும்பிக் கேட்டன. 2013இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டைக் கருவிலேயே கேட்டுப் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். பிறந்து நான்கு மாதமான பிறகும் அவற்றின் மூளை அந்த மெட்டை அடையாளம் கண்டுகொண்டது. இதிலிருந்து, இசை கேட்கும் பிள்ளை கணக்கில் புலியாகிவிடும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மொசார்ட்டைக் கேட்டால் அறிவு வளரும் என்று குறுந்தகடு விற்றவர்கள் சான்றாகக் காட்டிய 1993ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தது; அதில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை. நமக்குத் தேவையானது மிக எளிய செய்தி: பொருள் தெரியாத காலத்திலேயே குழந்தை கேட்கிறது, கேட்டதை வைத்துக்கொள்கிறது. இதைக் கிறிஸ்துமஸ் கதையே முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசுவின் வருகைக்கு முதலில் மகிழ்ந்து துள்ளியது இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை. மரியாளின் வாழ்த்துக்குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த யோவான் துள்ளினார். மரியாள் பாடியதும் அதற்குப் பிறகுதான். குழந்தைகளுக்கு விசுவாசம் இருக்க முடியாது, ஆகவே அவர்களுக்கு ஞானஸ்நானம் கூடாது என்று வாதிட்டவர்களுக்கு 1528இல் பதில் எழுதிய மார்ட்டின் லூத்தர் எடுத்துக்காட்டியது இந்தத் துள்ளலைத்தான்.

கேட்பதும் நினைவில் வைப்பதும் போதுமா என்றால், போதாது. கிளியும் கேட்கும், நினைவில் வைக்கும். குழந்தை மெட்டை என்னவாக எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு ஹார்வர்டில் சாமுவேல் மேர், லீ ஆன் சாங், எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அருமையான விடை தருகிறது. ஐந்து மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் புதிய பாட்டொன்றைப் பெற்றோரே ஒன்றிரண்டு வாரம் வீட்டில் பாடினார்கள். இன்னொரு பிரிவு அதே மெட்டைப் பொம்மையின் வாயிலாகக் கேட்டது. பிறகு முன்பின் தெரியாத இருவரைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஒருவர் பழகிய மெட்டைப் பாடினார், மற்றவர் பழகாததை. பெற்றோர் வாயால் கேட்ட குழந்தைகள், பழகிய மெட்டைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்தன. பொம்மையிடமிருந்து கேட்ட குழந்தைகளிடம் அப்படியொரு நாட்டம் தென்படவில்லை, மெட்டு அவற்றுக்கும் பழக்கமானதுதான் என்றபோதிலும். ஐந்து மாதத்திலேயே மெட்டு ஓர் உறவின் அடையாளமாகிவிடுகிறது: இதைப் பாடுகிறவர் நம்மவர் என்று குழந்தை கணித்துக்கொள்கிறது. லைப்ஸிக் நகரில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2010இல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் கண்டதும் இதற்கு இசைவானது. சேர்ந்து பாடி ஆடிய இணைகள், இசையில்லாமல் அதே அளவு நேரம் விளையாடிய இணைகளைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவின. ஆக, பாட்டு குழந்தைக்கு முதலில் ஒரு செய்தியாக வந்து சேர்வதில்லை. யாரோடு யார் என்ற ஏற்பாடாக வந்து சேர்கிறது. பொருள் விளங்காமல் பாடும் பிள்ளை ஒன்றும் விளங்காமல் பாடுகிறது என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

அப்படியானால், கிறிஸ்துமஸ் பாட்டு யாரை யாரோடு சேர்க்கிறது? வரலாறு இங்கே துணைக்கு வருகிறது. 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு முன்னணையை அமைத்துக் காட்டியபின், தேவகுமாரனின் குழந்தைப் பருவம் மக்கள் பக்தியின் நடுவுக்கு வந்தது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் பீடத்தருகே ஒரு தொட்டிலை வைத்து ஆட்டிக்கொண்டே பாடும் வழக்கம் பரவியது. சீர்திருத்தக் காலத்தில் இதைக் கேலிசெய்து எழுதியவர்கள் உண்டு. லூத்தர் தொட்டிலை விட்டாலும் தாலாட்டை விடவில்லை. 1535இல் அச்சான அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தலைப்பே குழந்தைப் பாட்டு என்பதுதான். தம் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதினார் என்பது மரபு. மெட்டை அவர் கோயிலிலிருந்து எடுக்கவில்லை. மாலை சூட்டி விடுகதை போடும் தெரு விளையாட்டுப் பாட்டிலிருந்து எடுத்தார். தனி மெட்டு அதற்கு 1539இல்தான் வந்தது. அந்தப் பாட்டில் தேவதூதன் முதலில் செய்தி சொல்வான். பிறகு பிள்ளைகள் மறுமொழியாக முன்னணைக்குப் போய், குழந்தைக்குத் தங்கள் நெஞ்சிலேயே படுக்கை போட்டுத் தாலாட்டுவார்கள். செய்தியைக் கேட்பவராகத் தொடங்கும் பிள்ளை படுக்கை விரிப்பவராகிவிடுகிறது. இதைவிடத் தெளிவாக என் வாதத்தை நானே அமைத்திருக்க முடியாது. ஏறத்தாழ இருநூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் ஜோசப் மோர் என்ற உதவிக் குருவும் ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் கிதாரோடு பாடிய ‘சைலன்ட் நைட்’ உலகம் முழுக்கப் பரவியதற்கும் அதன் தாலாட்டு நடையே பெரிய காரணம். அந்தத் திஸ்ர அசைவு எந்த மொழிக் குழந்தைக்கும் முன்பே பழக்கமானது.

எல்லாக் கிறிஸ்துமஸ் பாட்டும் தாலாட்டல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகெங்கும் முழங்கும் ‘ஜாய் டு தி வேர்ல்ட்’, ஐசக் வாட்ஸ் 1719இல் 98ஆம் சங்கீதத்தை ஒட்டி எழுதியது. அதில் முன்னணையும் இல்லை, தொட்டிலும் இல்லை, அரசர் வருகிறார். பிள்ளைகளுக்கு இத்தகைய முழக்கப் பாட்டுகள்தான் அதிகம் பிடிக்கும் என்றும் சொல்லலாம். ஆனால் அரசரைப் பாடும் பாட்டுகள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. ஈஸ்டருக்கும் அவைதான், சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் அவைதான். மற்றக் காலங்களில் கிடைக்காமல் டிசம்பரில் மட்டும் குழந்தைக்குக் கிடைப்பது எது என்று கேட்டால், விடை தாலாட்டுதான்.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமாக ஏதும் இருக்காது. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார். குலசேகர ஆழ்வார் இராமனைத் தாலாட்டியதோடு, தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்காத தேவகியின் புலம்பலையும் பாடினார். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே தாலப் பருவத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. தெய்வத்தைச் சின்னதாக்கிக்கொண்டு கொஞ்சுவது பக்தியின் குறைபாடென்று இந்த மண்ணில் யாரும் சொன்னதில்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தொடங்கி லூத்தரன் ஊழியர்கள் ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகளைப் பாடவைத்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றி, ‘பெத்லகேம் குறவஞ்சி’யையும் எழுதியபோது, வந்த பாட்டு சொந்தப் பாட்டாயிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆழ்வார்களின் தாலாட்டிலும் பிள்ளைத்தமிழிலும் பாடுகிறவர் வளர்ந்தவர். தாயின் வேடத்தைக் கவிஞர் எடுத்துக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடவைக்கப்படுவது நேற்றுவரை தானே தொட்டிலில் கிடந்த பிள்ளை. எப்போதும் தூக்கப்படுகிறவர், ஊட்டப்படுகிறவர், அதட்டப்படுகிறவர் என்றிருந்த ஒருவருக்குத் தன்னைவிடச் சின்னவர் ஒருவர் கிடைக்கிறார். அவர் தூங்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, குளிருக்குப் போர்த்த வேண்டும். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார் என்கிறார். இறையியல் கல்லூரிகளில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. அத்தனை விளக்கமும் தொடுகிற நிலைமையில், விளக்கமில்லாமலேயே, அந்தப் பிள்ளை இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் கூர்மையானது ரூசோவுடையது. 1762இல் வெளிவந்த ‘எமில்’ நூலில், காக்கையையும் நரியையும் பற்றிய லா ஃபோன்தேனின் கதைப்பாட்டு ஒன்றை வரிவரியாகப் பிரித்துக் காட்டி, குழந்தை இதில் எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாது, புரிந்துகொள்வதையும் தவறாகவே புரிந்துகொள்ளும் என்று அவர் நிறுவுகிறார். சமயமும் அப்படியே என்கிறார். கடவுளைப் பற்றிக் காலத்துக்கு முன்பே பேசினால் பிள்ளை கடவுளை ஒரு பெரிய மனிதராகக் கற்பித்துக்கொள்ளும். அந்தப் பிழை ஆயுள் முழுவதும் போகாது. எமிலுக்குப் பதினைந்து வயதிலும் தனக்கு ஆன்மா இருக்கிறதென்று தெரியாது. ரூசோ சொல்வதில் பாதி சரி. விளங்காத கூற்றுகளை மனப்பாடம் செய்வித்து, கேட்டபோது ஒப்பிக்கவைத்து, அதையே விசுவாசம் என்று மதிப்பெண் போடுவது பிள்ளையையும் கெடுக்கும், சொற்களையும் கெடுக்கும். ஞானோபதேச வினாவிடை வகுப்புகளில் இது நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. ஆனால் தாலாட்டு ஒரு கூற்றல்ல. அது சரியா தவறா என்று யாரும் கேட்பதில்லை. பாடினோமா இல்லையா என்பதுதான் கேள்வி. ‘அம்மா’ என்று கூப்பிடும் பிள்ளைக்குத் தாய்மை என்றால் என்னவென்று தெரியாது. அதற்காக அது தவறாகக் கூப்பிடுகிறது என்று சொல்ல முடியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் நிறைகிறது. ரூசோ அஞ்சிய பிழை, அதாவது கடவுளை மனித உருவில் நினைப்பது, கிறிஸ்துமஸில் பிழையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வார்த்தை மாம்சமானது என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. அந்த நாளில் மட்டுமாவது, கடவுளைக் கைக்குழந்தையாக நினைக்கும் பிள்ளை, பரம்பொருள் என்று சூக்குமமாக நினைக்கும் பெரியவரைவிடக் கோட்பாட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு உள்ளிருந்தே வருகிறது, அதனால் கனமானது. அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் உருக்கும்போது தாம் பாவம் செய்வதாகவே உணர்வதாக எழுதுகிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு, சங்கீதங்களைப் பாட்டென்று சொல்ல முடியாத அளவுக்குப் பேச்சை ஒட்டி வாசிக்கச் சொன்னதை நினைத்து, அதுவே பத்திரமான வழியோ என்று தயங்குகிறார். சூரிச்சின் சுவிங்கிலி தயங்கவே இல்லை. பல கருவிகளை வாசிக்கத் தெரிந்த அவர் ஆராதனையிலிருந்து பாட்டையே விலக்கினார். அந்த நகரின் ஆலயங்களில் பாட்டு மறுபடி ஒலித்தது 1598இல். இவர்களின் அச்சம் வீணானதல்ல. மெட்டு பொருளை விழுங்கிவிடும்; உருக்கமே பக்தியென்று மயங்கவைக்கும். பெரியவர்கள் கேரல் ஆராதனையில் கண்ணீர்விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வேலைக்காரப் பெண்ணை அதட்டுவது உலகம் அறிந்த விஷயம். ஆனால் அகுஸ்தீனின் சிக்கல், பொருளை அறிந்த பிறகும் குரலில் தங்கிவிடும் வளர்ந்தவரின் சிக்கல். பொருளுக்கு இன்னும் வந்து சேராதவரை, பொருளைக் கைவிட்டவர் என்று குற்றம்சாட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் மனம் திரும்பியதற்குக் காரணமாயிருந்தது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு குழந்தையின் குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை, ஒரே தொடரை ராகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னது என்று அவரே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் விளையாட்டில் இப்படியொரு பாட்டு உண்டா என்றுகூட அவர் யோசித்துப் பார்க்கிறார். பாடிய பிள்ளைக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பொருளறியாப் பாட்டு திருச்சபைக்குப் பயன்படுமா என்று கேட்பவர்கள், அகுஸ்தீனைத் துணைக்கழைக்குமுன் அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளட்டும். எருசலேம் தேவாலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தபோது எரிச்சலடைந்த பிரதான ஆசாரியர்களுக்கு இயேசு எட்டாம் சங்கீதத்தையே பதிலாகச் சொன்னார் என்பதும் மத்தேயுவில் இருக்கிறது.

இக்கால வாசகர் கேட்பது வேறு. சம்மதம் சொல்லத் தெரியாத பிள்ளையின் நெஞ்சில் இசை என்னும் பின்வாசல் வழியாக ஒரு மதத்தை நுழைப்பது நியாயமா? ஐந்து மாதத்தில் கேட்ட மெட்டே ‘நம்மவர்’ யாரென்று தீர்மானிக்கிறதென்றால், இது இன்னும் அபாயமல்லவா? கேள்வி நேர்மையானது. நம்மவரைக் காட்டும் மெட்டு, பிறரையும் காட்டிக் கொடுத்துவிடும். எந்தச் சமயத்தின் பிள்ளைப் பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் பிள்ளைக்கு எந்த மெட்டும் போகாமல் காத்து வைக்கும் வீடு எங்கும் இல்லை. சமயப் பாட்டை நிறுத்தினால் விளம்பரப் பாட்டும் சினிமாப் பாட்டும் கட்சிப் பாட்டும் அந்த இடத்தை நிரப்பும். அவையும் சம்மதம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே பாடலாமா என்பதைவிட எந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தும் பாட்டு என்பதே கேட்கத் தகுந்தது. பகைவரை நொறுக்கும் படைவீரனாகப் பிள்ளையை நிறுத்தும் பாட்டு ஒரு வகை. தூங்காத ஒரு குழந்தையைக் காப்பவராக நிறுத்துவது வேறொரு வகை. இரண்டாவதைப் பாடி வளர்ந்தவர் நாளைக்கு விசுவாசத்தை விட்டே போனாலும், இழந்ததாக வருந்த ஏதும் அதில் இல்லை. சமயத்தின் பெயரால் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தக் கூடாதென்று 2006இல் நூலெழுதிய ரிச்சர்ட் டாக்கின்ஸ், தமக்கும் எல்லோரோடும் சேர்ந்து கேரல் பாடப் பிடிக்கும் என்று அடுத்த ஆண்டே சொன்னார். இது என் வாதத்துக்கு வெற்றி என்று நான் கொண்டாடவில்லை; உண்மையில் அதற்கு ஒரு வரம்பையும் போடுகிறது. பாட்டு இடத்தைத் தரும். அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. கட்டாயப்படுத்தாததால்தான் அதைப் பிள்ளைக்குத் தரலாம் என்கிறேன்.

எனக்கே அதிகம் தொந்தரவு தரும் மறுப்பு, இனிமையைப் பற்றியது. தாலாட்டு கிறிஸ்துமஸைச் சர்க்கரைப் பாகாக்கிவிடாதா? 1880களில் அமெரிக்காவில் வெளிவந்து, லூத்தரின் தொட்டில் பாட்டு என்று தவறாகப் பெயர் பெற்ற ‘அவே இன் எ மேன்ஜர்’ இதற்கு நல்ல சாட்சி. லூத்தரின் எழுத்துகளில் அப்படியொரு பாட்டே கிடையாது. அதில் மாடு கத்தினாலும் குழந்தை அழுவதில்லை. அழாத குழந்தை மனிதக் குழந்தைதானா? இயேசு மனித உடலெடுத்ததாகத் தோன்றினாரே ஒழிய உண்மையில் எடுக்கவில்லை என்ற பழைய கோட்பாட்டைத் திருச்சபை முதல் நூற்றாண்டுகளிலேயே தள்ளிவிட்டது. ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு அதைப் பின்வாசலில் அழைத்துவருகிறது. இதோடு ஒப்பிட்டால் செசில் ஃபிரான்சஸ் அலெக்சாண்டர் 1848இல் சிறுபிள்ளைகளுக்கான பாட்டு நூலில் எழுதிய ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ எவ்வளவோ மேல். விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கவே அவர் எழுதினார். அதில் இயேசு நம்மைப் போலவே அழுகிறார், சிரிக்கிறார், பலவீனமாயிருக்கிறார். அந்தப் பாட்டு சறுக்குவது, கிறிஸ்தவப் பிள்ளைகள் கீழ்ப்படிந்து அடக்கமாக இருக்க வேண்டும் என்று அறிவுரைக்குத் தாவும் அடியில். அதுவரை குழந்தைக்கு அருகே நின்ற பிள்ளை அங்கே வகுப்பு பெஞ்சில் உட்காரவைக்கப்படுகிறது. இனிமைக்கு மாற்று அறிவுரை அல்ல என்பதை அந்த ஓர் அடியே காட்டிக்கொடுத்துவிடும். மாற்று தாலாட்டிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் துணி கத்தரிப்போரும் தையற்காரரும் நடித்த நாடகத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே பாடப்பட்ட கவன்ட்ரி கேரல், ஏரோது கொல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மார் பாடும் தாலாட்டு. தூங்கவைக்கும் பாட்டே காப்பாற்ற முடியாதவரின் பாட்டாகிறது. மத்தேயுவின் கதையில் படுகொலையும் உண்டு, எகிப்துக்கு ஓடும் அகதிக் குடும்பமும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏரோதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோக மெட்டை அது கேட்கலாம். நம் தாய்மாரின் தாலாட்டுகளிலும் பாதி ஒப்பாரிக்குப் பக்கத்தில் நிற்பவைதாம். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. காக்கப்பட வேண்டியவருக்கு ஆபத்தும் உண்டு என்று தெரிந்தால்தான் காப்பவரின் இடம் உண்மையான இடமாகும்.

கடைகளில் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் இசையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் கிறிஸ்துவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பனியில் ஒற்றைக் குதிரை வண்டி ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் தாராளமாகப் பாடட்டும். அதைப் பாடியதால் மதம் கெடாது, வளரவும் செய்யாது. இதில் கவலைக்குரியது ஒன்றே: அந்த மெட்டுகள் ஒலிபெருக்கியிலிருந்து வருகின்றன. பொம்மை பாடிய பாட்டு ஐந்து மாதக் குழந்தைக்கு உறவாகவில்லை என்ற ஹார்வர்ட் முடிவு கடைக்கு மட்டும் பொருந்துவதல்ல. திரையில் வரிகளை ஓடவிட்டு, பதிவுசெய்த பின்னணி இசைக்குப் பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் ஆலயங்களுக்கும் பொருந்தும். ஒலியமைப்புக்காரரின் தயவில் நடக்கும் கிறிஸ்துமஸ் விழாக்களில் சபையார் பாடுவது மைக்கில் அமுங்கிப்போகிறது. பிள்ளையின் காதருகே பாட்டியின் பிசிறுகுரல் பாட வேண்டிய இடம் அது. சுருதி சேராவிட்டாலும் குற்றமில்லை, முகம் இருக்கிறது.

நான் சொல்லிவந்தது சரியென்றால் சில நடைமுறைகள் மாற வேண்டும். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டியாக்கி, மண்டலவாரியாக நடுவர் வைத்து, முதற்பரிசு மூன்றாம்பரிசு என்று பிரிப்பதை முதலில் நிறுத்தலாம். தாலாட்டில் யார் முதல்? அரங்கேற்றத்துக்காக ஒரு மாதம் அதட்டிப் பழக்கும்போது, முன்னணைக் குழந்தைக்கு முன் பெரியவராக நின்ற பிள்ளை மறுபடியும் தேர்வு எழுதுகிறவராகிவிடுகிறது. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் 1919 முதல் அலெக்சாண்டரின் அந்தப் பாட்டோடுதான் ஒன்பது பாட ஆராதனை தொடங்குகிறது. முதல் அடியைத் தனியாகப் பாடும் சிறுவன் யாரென்பதைக் கடைசி நொடியில்தான் சொல்கிறார்கள். இசையின் உச்சத்தில் இருக்கும் அவர்களே அந்தப் பிள்ளையின் பயத்தை நினைத்துச் செய்யும் ஏற்பாடு அது. நம் ஆலயங்களுக்கு அத்தனை நேர்த்தி தேவையில்லை. தேவையானது வேறு. கைக்குழந்தைக்காரர்களைக் கடைசி வரிசைக்கும், கண்ணாடி போட்ட குழந்தைகள் அறைக்கும் அனுப்பிவைத்துவிட்டு, அமைதியான இரவைப் பற்றி அமைதியாகப் பாட விரும்பும் சபைகள் பெருகிவருகின்றன. இந்த ஆண்டு கேரல் ஆராதனையை ஏற்பாடு செய்யும் ஆயர்களையும் பாடகர் குழுத் தலைவர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: முன்வரிசை நாற்காலிகளை விருந்தினர்களுக்கு ஒதுக்காமல் இரண்டு வயதுப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஒதுக்குங்கள், ஒரு பாட்டையாவது மைக்கில்லாமல், சபையார் எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் பாடுங்கள், நடுவில் ஏதாவது குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டாம்.